குளம் தொட்டவர் யார்? பாட்டுக் கட்டியவர் யார்?

கந்தளாய்க் குளத்தின் கட்டு 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் உடையது. மதகு திறக்கும் நாளை எண்ணியே அவ்வட்டாரத்து உழவன் தன் விதைப்பைக் கணக்கிடுகிறான். இக்குளத்தை ஆக்கியவர் யார் என்று கேட்டால் நமக்கு இரண்டு விடைகள் கிடைக்கும். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தை ஆண்ட இரண்டாம் அக்கபோதி ஆக்கினான், பின்வந்த பராக்கிரமபாகு அதனைப் பெருக்கினான் என்பது சிங்கள வரலாற்று மரபு. திருக்கோணேச்சரத்துக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டனே ஆக்கினான் என்பது திருகோணமலைத் தமிழரின் மரபு. இரு மரபினரும் எந்த அரசன் என்பதில் வேறுபடுகின்றனர். அரசனே ஆக்கினான் என்பதில் வேறுபடவில்லை.

ஆயின், குளக்கோட்டன் கதையில் ஒரு சுவையான செய்தி உண்டு. அவன் பூதங்களைக் கொண்டு குளத்தைக் கட்டுவித்தானாம். பூதங்கள் மண் வெட்டின. பூதங்கள் கல் சுமந்தன. இதனைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. சற்று நின்று சிந்தித்தால் சிரிப்பு அடங்கிவிடும். பதினாலாயிரம் அடி நீளத்துக்கு மண்ணைத் தலையிற் சுமந்து கொட்டிய மனிதக் கூட்டம் ஒன்று இருந்தேயாக வேண்டும். அக்கூட்டத்துக்கு ஊர் இருந்திருக்கும், குடும்பம் இருந்திருக்கும், பெயர் இருந்திருக்கும். கதை அவர்களை மறக்கவும் முடியாமல், மனிதராக ஒப்புக்கொள்ளவும் மனமின்றிப் பூதங்களாக்கிவிட்டது. பூதம் கூலி கேட்பதில்லை. தன் பெயரைக் கல்லில் வெட்டு என்று சொல்வதும் இல்லை.

1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் அக்கட்டு உடைந்தது. 120க்கு மேற்பட்ட உயிர்கள் நீரோடு போயின. அடுத்த ஆண்டில் கட்டு மீண்டும் எழுந்தது. அதனை எழுப்பியவர்களையும் நாம் பெயர் சொல்லி அறியோம். பூதங்களின் காலம் முடிந்துவிடவில்லை.

கந்தளாய்க்கு அண்மையில் பலமோட்டை என்னும் இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. அது முதலாம் விஜயபாகுவின் காலத்தது. விசயராச சதுர்வேதிமங்கலம் என்று பெயர் பெற்றிருந்த கந்தளாயில், நங்கைசானி என்னும் பார்ப்பனப் பெண், இறந்துபோன தன் கணவன் பொருட்டுச் சிவன் கோயிலுக்கு அறக்கொடை அளித்ததை அது கூறுகிறது. அக்கொடைக்கு வேளைக்காரப் படையினர் காவல் நின்றனர். பொருளுள்ள கைம்பெண்ணின் துயரத்துக்குக் கல்லும் கிடைத்தது, காவலும் கிடைத்தது. அதே ஊரின் சேற்றில் நாற்று நட்ட கைம்பெண் ஒருத்தியின் துயரத்துக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒப்பாரி ஒன்றுதான் கிடைத்திருக்கும். கல் இன்றும் நிற்கிறது. ஒப்பாரியோ அழுதவளின் மூச்சோடு காற்றிற் கலந்துவிட்டது.

காற்றிற் கலந்துவிடும் அந்தப் பாட்டு, நம் காலத்தில் மின்கருவிகளின் வழியே உலகெங்கும் ஒலித்த வரலாறு ஒன்றை இக்கட்டுரை கூற முற்படுகிறது. 2021 மார்ச் 7ஆம் நாள் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாட்டும், அதனைப் பாடிய அறிவு, தீ என்னும் இரு இளைஞரின் கலைவாழ்வுமே நமது பொருள். நாட்டுப்பாடலை மின்னிசையோடு சேர்க்கலாமா, கூடாதா என்று நம்மிற் பலர் வாதிடுகின்றனர். அவ்வாதம் தேவையானதே, எனினும் இரண்டாம் இடத்துக்குரியது. சேர்த்தபின் அப்பாட்டு யாருடைய பெயரில் நிற்கிறது, அதன் பயன் யாரைச் சென்றடைகிறது என்பதே முதற்கேள்வி.

தேயிலைத் தூரில் முளைத்த பாட்டு

இப்பாட்டின் வேர் இலங்கை மலையகத்தில் இருக்கிறது. 1820களில் கம்பளைப் பக்கத்தில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் திறந்தனர். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து, பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்திய மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரையில் காட்டுவழியே நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் கொண்டவர் போக எஞ்சியவர் மலையேறினர். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றிற்று. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கங்காணி நின்றான். தோட்டம் விட்டுத் தோட்டம் போவதற்குக் கடன் தீர்ந்தமைக்கான துண்டுச் சீட்டு வேண்டியிருந்தது. அத்துண்டு தொழிலாளியின் கையில் வந்து சேர்வது அரிது.

விடியுமுன் தப்பொலி எழும். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வேளைதான் அவர்களுக்குப் பெயர் இருந்தது எனலாம். அதற்குப்பின் கொழுந்தின் எடையே அவர்களது அடையாளம். இவ்வாழ்விலிருந்து பாட்டுகள் பிறந்தன. கொழுந்து பறிக்கையில் ஒரு பாட்டு. கங்காணியை நையாண்டி செய்ய ஒன்று. பிள்ளையை உறங்கவைக்க ஒன்று. மாண்டவரை அனுப்பிவைக்க ஒன்று. இவற்றைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி நூலாக்கியிராவிட்டால் நமக்குக் கிடைத்திருப்பவை இன்னும் சிலவே ஆகும்.

பாட்டு அங்கே வெறும் ஆறுதலாக மட்டும் இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய கோ. நடேசய்யரோடு அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தோட்டந்தோறும் சென்றார். கூட்டம் தொடங்குமுன் அவர் பாடினார். மக்கள் அறிந்த மெட்டுகளில் அவர்தம் நிலைமையைப் பாட்டாக எழுதி அச்சிட்டும் பரப்பினார். எழுத்தறியாத கூட்டத்துக்குப் பாட்டே துண்டுப் பிரசுரமாயிற்று. இருவர் சேர்ந்து பழைய மெட்டிற் புதிய பொருளை ஏற்றி மக்களிடம் கொண்டு சென்ற வரலாறு, ஆகவே, நேற்றுத் தொடங்கியதன்று.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 மக்கள் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இருநாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆடுமாடுகளை எண்ணுவது போன்ற இக்கணக்கில், எண்ணப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள், பாட்டனார் விட்டுப்போன ஊரில் தமக்கு ஒரு முழ நிலமும் இல்லை என்பதைக் கண்டனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த புதுப்பெயர் ‘சிலோன்காரர்’ என்பது. இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர். இரண்டு நாட்டிலும் அயலார்.

இவ்வாறு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய நிலமற்ற பெண்களுள் ஒருத்தி வள்ளியம்மாள். அவருடைய பேரனே அறிவு.

இருவர் வந்த வழி

அறிவு அரக்கோணத்தில் வளர்ந்தவர். அறிவரசு கலைநேசன் என்பது முழுப்பெயர். 1990களில் தமிழ்நாட்டு ஊர்களில் எழுத்தும் பாட்டும் நாடகமும் கொண்டு சென்ற அறிவொளி இயக்கத்தில் அவருடைய பெற்றோர் பங்குகொண்டவர்கள். ஆசிரிய நண்பர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். ஓர் இயக்கம் தான் ஏற்றிய விளக்கை எந்த வீட்டில் விட்டுச் செல்கிறது என்பதை உடனே அறிய முடிவதில்லை. இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே அது தெரியவருகிறது.

1970களில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், கறுப்பின இளைஞரும் அவர்தம் அண்டை வீட்டு ஏழைகளும் ஒரு புதுக்கலையை உருவாக்கினர். கருவி வாங்கப் பணமில்லாதவர்கள், இசைத்தட்டையே கருவியாக்கி, அதன் தாளத்தின்மேல் தம் பேச்சை ஓட்டினார்கள். ராப் என்று பெயர் பெற்ற அக்கலை, நமது தெருக்கூத்துக்கும் கானாவுக்கும் தூரத்து உறவினன் என்பதை அறிவு கண்டுகொண்டார். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னையில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முறை மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் டென்மாவின் பயிற்சியாலும் உருவான அக்குழு, அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்தைத் தன் பெயராகக் கொண்டது. கானாப் பாடகர்களும் பறையிசைஞரும் கிட்டார் வாசிப்பவர்களும் ஒரே மேடையில் நின்றனர். அறிவு அதில் ஒரு குரல். 2019இல் ‘ஆஃப்ரோ’ என்னும் பெயர் கொண்ட மின்னிசைக் கலைஞரோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். திரைப்படத்தின் துணையின்றி இருவர் தாமே உருவாக்கிய அத்தொகுப்பு, குடியுரிமை, சாதி, துப்பாக்கிச்சூடு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டது. தமிழ்நாட்டில் பாட்டென்றால் திரைப்பாட்டே என்றிருந்த நிலையில் இது சிறிய செயலன்று.

தீ வந்த வழி வேறு. அவர் ஈழத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றி ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் குடும்பத்தினர். பள்ளிப் பருவத்திலேயே திரைக்குப் பாடத் தொடங்கி, ‘இறுதிச்சுற்று’ (2016), ‘மாரி 2’ (2018) ஆகிய படங்களின் பாட்டுகளாற் புகழ் பெற்றார். மெருகேற்றப்படாதது போல் ஒலிக்கும் கரகரத்த குரல் அவருடையது. சந்தோஷ் நாராயணனோ ‘அட்டகத்தி’ (2012) தொடங்கி ‘மெட்ராஸ்’ (2014) வரையில் வடசென்னையின் கானாவையும் சாவுமேளத்தையும் மின்னொலியோடு இணைத்துப் பார்த்தவர். மலேசியத் தோட்டத் தமிழரின் கதையைத் தொட்ட ‘கபாலி’ (2016) படத்துக்கும் இசையமைத்தவர்.

அரக்கோணத்துச் சேரியின் நினைவும் கடல்கடந்து வாழும் ஈழத்தமிழ்ப் பெண்ணின் குரலும் ஒரு பாட்டில் சந்தித்தன. அறிவு எழுதினார், இருவரும் பாடினர், சந்தோஷ் நாராயணன் இசையை ஆக்கி முடித்தார். ஏ. ஆர். ரகுமானின் பங்கோடு அப்போது தோன்றிய ‘மாஜா’ என்னும் தனியிசை நிறுவனம் அதனை வெளியிட்டது. ஓர் ஆண்டு சற்றுக் கடப்பதற்குள் அதன் காட்சிப்படம் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது.

பொறியும் ஒப்பாரியும்

பாட்டின் பொருள் யாது? காட்டைத் திருத்தி வயலாக்கிய முன்னோரை அது அழைக்கிறது. நிலத்தில் மனிதனுக்கு மட்டும் உரிமை இல்லை, நீர்நிலையில் நாய்க்கும் நரிக்கும் கூடப் பங்குண்டு என்று வாதிடுகிறது. நட்டு வளர்த்தவள் நாவறண்டு நிற்கும் முரணை ஒப்பாரியாகப் புலம்புகிறது. தலைப்பிலுள்ள ‘எஞ்சாமி’ என்னும் சொல் இருமுகம் கொண்டது. பண்ணையாரை எதிர்ப்பட்ட கூலியாள் கைகட்டிச் சொன்ன சொல் அது. பாட்டி தன் பேரனைக் கொஞ்சிச் சொன்ன சொல்லும் அதுவே. அடிமைத்தனத்தின் சொல்லை அன்பின் சொல்லாக மாற்றிக்கொண்டவர்கள் அம்மக்கள். ஒரு சொல்லுக்குள் ஒரு வகுப்பின் வரலாறு அடங்கியிருப்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி, ஓசையைப் பார்ப்போம். ஜெர்மானிய அறிஞர் கார்ல் பியூகர் 1896இல் எழுதிய நூலில், தாளம் உழைப்பிற் பிறந்தது என்று நிறுவ முயன்றார். பலர் ஒன்றாக இழுக்கவும் இடிக்கவும் நடவும் வேண்டியிருந்தமையால், உடல்களை ஒன்றாக்கும் அசைவு தோன்றியது. அசைவிலிருந்து பாட்டு வந்தது என்பது அவர் கருத்து. ஜார்ஜ் தாம்சன் இதனை மேலும் வளர்த்தார். அவரிடம் பர்மிங்காமில் ஆராய்ச்சி செய்த கைலாசபதியும், தமிழகத்தில் நாட்டுப்பாடல்களைத் தொகுத்த நா. வானமாமலையும் இவ்வழியிலே நமக்கு வெளிச்சம் காட்டினர். ஏற்றப்பாட்டிலும் நடவுப்பாட்டிலும் இதனை நாம் நேரே காணலாம்.

மின்னிசையின் அடிப்படையும் திரும்பத் திரும்ப வரும் தாளமே. கணினியில் ஒரு சிறு ஒலித்துண்டை வெட்டியெடுத்து, இடையறாது சுழல விடுகிறார்கள். அதன்மேல் இன்னொரு துண்டு; அதன்மேல் குரல். ஆகவே நாட்டுப்பாடலும் மின்னிசையும் தண்ணீரும் எண்ணெயும் போன்றவை என்று கூறுவது பொருந்தாது. இரண்டும் மீள்வரவையே உயிராகக் கொண்டவை. வேறுபாடு எங்கே இருக்கிறது? நடவு நடும் பெண்ணின் தாளம் அவள் முதுகின் வலியோடு தளரும், உச்சி வெயிலில் மெலியும், மேகம் கவிந்தால் துள்ளும். பொறியின் தாளம் தளர்வதில்லை. ஒப்பாரி சொல்பவள் ஒவ்வொரு சாவிலும் அடிகளை மாற்றுகிறாள். மாண்டவர் தாயா, மகனா, கடன் வைத்துப் போனாரா, வயல் வைத்துப் போனாரா என்பதைப் பார்த்துச் சொற்களைக் கோக்கிறாள். பதிவு செய்யப்பட்ட ஒப்பாரியோ ஆயிரம் முறை கேட்டாலும் ஒரே சாவுக்குத்தான் அழும்.

இது இழப்பு. இதனை மறைப்பதாற் பயனில்லை. மற்றோர் இழப்பும் உண்டு. பாட்டின் துள்ளல் மேலோங்கிய பகுதிகள் கலியாண வீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் ஆடுவதற்குப் பயன்பட்டன. ஆடியவருள் எத்தனைபேர் அதில் அழுபவள் யாரென்று கேட்டனர்? துயரத்தைச் சரக்காக்கி விற்பது சந்தையின் பழைய வித்தை.

எனினும் பெற்றதும் சிறிதன்று. முன்னர் நம் நாட்டுப்பாடல் தொகுப்புகளிற் பெரும்பாலானவை பாடியவரின் பெயரின்றி அச்சேறின. இப்பாட்டிலோ வள்ளியம்மாள் என்னும் பெண் தன் முகத்தோடும் பெயரோடும் தோன்றுகிறார். பூதங்களின் கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து நின்று, நான் மனுஷி என்று சொன்னதாகவே அதனைக் கொள்ளவேண்டும். இன்னொரு பொருத்தத்தையும் இங்கே சுட்டலாம். ஆண்டுக்கணக்கில் போராடி மலையகத் தொழிலாளர் நாட்கூலியாக 1,000 ரூபாயைச் சட்டப்படி பெற்றதும் அதே 2021 மார்ச் மாதத்திலேதான். கோடிக்கணக்கானோர் தேயிலைத் தோட்டப் பாட்டியின் பேரனுக்குக் கைதட்டிய நாள்களில், தேயிலைத் தோட்டத்துப் பாட்டிமார் ஆயிரம் ரூபாய்க்காகக் காத்திருந்தனர். கலையின் வெற்றியையும் வாழ்வின் நிலையையும் ஒருங்கே காணும் கண் நமக்கு வேண்டும்.

பெயர் மறைந்த கதை

பெயரை மீட்ட அப்பாட்டிலேயே பெயர் பற்றிய வழக்கு எழுந்ததுதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. 2021 ஆகஸ்ட்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ என்னும் இசையிதழ் தன் அட்டையில் தீயையும், கனடா வாழ் ஈழத்தமிழ்க் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலையும் வெளியிட்டது. பாட்டை எழுதிய அறிவு அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் அவ்விதழ் அறிவைத் தன் மின்பதிப்பின் அட்டையில் வெளியிட்டது. பாட்டைப் பிரான்சு நாட்டு இசைஞர் டி.ஜே. ஸ்நேக் மறு ஆக்கம் செய்தபோதும் இதே குறை பேசப்பட்டது.

2022 ஜூலை 28ஆம் நாள் சென்னையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழா நடந்தது. அங்கே இப்பாட்டைத் தீயும், நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு மேடையில் இல்லை. சில நாளில் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாட்டைத் தாமே அமைத்து எழுதிப் பாடியதாகவும், பல மாதங்கள் உறக்கமின்றி உழைத்ததாகவும், அது தம் முன்னோரின் அடிமை வாழ்வின் வரலாறு என்றும் அதிற் கூறினார். சந்தோஷ் நாராயணன் மறுமொழி கூறினார். மெட்டமைப்பில் மூவருக்கும் பங்குண்டு, வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமமாகவே வகுக்கப்பட்டன, விழாவின்போது அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்பது அவர் தரப்பு. தீயும் தாம் எங்கும் அறிவின் பங்கை மறைக்கவில்லை என்றார். 2024 மார்ச்சில் நிலைமை மேலும் வியப்பைத் தந்தது. பாட்டு வெளியாகி மூன்றாண்டு கழிந்தும் அதிலிருந்து தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே பொதுவில் முறையிட்டார்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. மூவரும் கலைஞர்கள், மூவரும் உழைத்தவர்கள். நாம் கவனிக்கவேண்டியது வேறு. 40 கோடி முறை பார்க்கப்பட்ட ஒரு பாட்டில், எழுதியவருக்குப் பெயர்க் குறை. இசையாக்கியவருக்குக் கூலிக் குறை. அப்படியானால் இவ்வுற்பத்தி முறையில் ஏதோ ஒன்று அடியிலேயே கோணியிருக்கிறது. அட்டைப்படத்தையும் மேடையையும் வருவாய்க் கணக்கையும் தீர்மானிப்போர் பாட்டுக் கட்டியவர்கள் அல்லர். இருவர் சேர்ந்து செய்த பொருள், சந்தையிற் புகுந்ததும் இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டது. கலைஞர் இருவரின் குணக்கேடு என இதனைக் கொள்வோர், துண்டுச் சீட்டை வைத்திருந்த கங்காணியை மறந்து, அச்சீட்டுக்காகச் சண்டையிட்ட தொழிலாளரைக் குறை கூறுவோரை ஒத்தவர் ஆவர்.

சாதியும் இங்கே வேலை செய்கிறது. புகழ்வெளிச்சம் விழும்போது ஒடுக்கப்பட்ட சாதிக் கலைஞன் சட்டத்துக்கு வெளியே நிற்க நேர்வது தற்செயல் என்று ஒரு முறை சொல்லலாம். இரண்டாம் முறையும் அவ்வாறே நேர்ந்தால், அதனைத் தற்செயல் என்று சொல்வோர் தம் மனச்சான்றைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இரண்டு உலகச் சான்றுகள்

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. தென்னாப்பிரிக்காவின் சூலு இனத்தவரான சாலமன் லிண்டா 1939இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் ‘ம்புபே’ என்னும் பாட்டைப் பதிவு செய்தார். ம்புபே என்றால் சிங்கம். உரிமைக்கு ஈடாக அவர் பெற்றது 10 ஷில்லிங். அம்மெட்டு அமெரிக்கா சென்றது. 1961இல் ஆங்கிலச் சொற்களோடு உலகப் புகழ் பெற்றது. பிற்காலத்தில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் படத்திலும் ஒலித்தது. அதை மற்றவர்கள் நாட்டுப்பாடல் என்றனர். நாட்டுப்பாடல் என்றால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லையென்றால் கூலியும் இல்லை. லிண்டா 1962இல் வறியவராய் மாண்டார். அவருடைய பெண்மக்கள் வழக்காடி உடன்பாடு காண்பதற்கு 2006 ஆயிற்று. ‘மக்களின் பாட்டு’ என்னும் உயர்ந்த சொல்லைக் கொண்டே மக்களைக் கொள்ளையிட முடியும் என்பதற்கு இது சான்று.

மற்றொரு சான்று வேல்ஸ் நாட்டிலிருந்து. அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பாட்டையே தம் கொடியாகக் கொண்டவர்கள். இன்றும் அந்நாட்டு இளைஞர் சிலர் இருவராயும் மூவராயும் கூடித் தம் நாட்டுப்பாடல் மரபை மின்னிசையோடு கலந்து பார்க்கின்றனர். கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டை 1950இல் அமெரிக்க அரசு பறித்துக்கொண்டது. 1957இல் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் தம் கலைவிழாவுக்கு அவரை அழைத்தனர். அவர் வரமுடியாது, குரல் வரமுடியும். அட்லாண்டிக் கடலடியிற் கிடந்த தொலைபேசிக் கம்பி வழியே நியூயார்க்கிலிருந்து அவர் பாடினார். போர்த்கால் மண்டபத்தில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் கேட்டனர். அவர்களது பாடகர் குழு பதிலுக்குப் பாடியது. அரசு மூடிய கதவை மின்கம்பி திறந்தது.

இரண்டு நிகழ்ச்சியிலும் பொறி ஒன்றே. ஒன்றில் அது பாடகனைக் கொள்ளையிட்டது. மற்றொன்றில் பாடகனையும் மக்களையும் இணைத்தது. ஓரிடத்தில் பொறி கம்பெனியின் கையில் இருந்தது. மற்ற இடத்தில் தொழிற்சங்கம் அதனைத் தன் தேவைக்கு வாங்கிப் பயன்படுத்தியது. மின்னிசை நாட்டுப்பாடலைக் கெடுக்கும் என்று அஞ்சுவோரும், மின்னிசையே அதற்கு மோட்சம் என்று மகிழ்வோரும் பொறியைப் பார்க்கிறார்கள். பொறியைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பதில்லை.

நாம் செய்யக்கூடியது

அறிவு தம் வழியே தொடர்ந்து நடக்கிறார். 2024இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. முன்னர் பாட்டுக்குள் இருந்த பாட்டியின் பெயரை இம்முறை நெற்றியிலேயே எழுதிவிட்டார். இனி அட்டையிலிருந்து அதனை யாரும் நீக்க முடியாது. தீயும் தம் பாட்டுப் பணியைத் தொடர்கிறார். அவர்கள் மறுபடி ஒருங்கே பாடுவார்களா என்பதைக் காலம் கூறட்டும். ஒருமுறை ஒருங்கே பாடியதே தமிழிசையின் வரலாற்றில் ஒரு படி.

2023இல், மலையக மக்கள் இத்தீவுக்கு வந்த இருநூறாம் ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் நாள் புறப்பட்டவர்கள், முன்னோர் நடந்த வழியே நடந்து ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். அவர்கள் கேட்டவற்றுள் நிலம் இருந்தது, வீடு இருந்தது, கூலி இருந்தது. தம் உழைப்பை இந்நாடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் இருந்தது. பெயருக்கான போராட்டமும் கூலிக்கான போராட்டமும் ஒன்றே என்பதை அம்மக்கள் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தனர்.

இதில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேலை உண்டு. கந்தளாய் வயல்களிலும், சேருவில, மூதூர்ப் பக்கத்துக் குடிசைகளிலும், மலையகத்து லயங்களிலும் இன்னும் பாட்டறிந்த முதியோர் இருக்கின்றனர். கையடக்கத் தொலைபேசி இல்லாத மாணவன் இன்று அரியன். அதே கருவியில் பாட்டியின் பாட்டைப் பதிவு செய்யலாம். பதிவு செய்யுமுன் அவளது இசைவைப் பெறவேண்டும். பாட்டின் கீழே ‘நாட்டுப்பாடல்’ என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடக் கூடாது. பாடியவள் பெயர், அவளது ஊர், அவள் செய்த தொழில், யாரிடம் கற்றாள் என்பன அத்தனையும் எழுதவேண்டும். நாளை அப்பாட்டை ஒருவன் எடுத்து மின்னிசை சேர்த்து உலகுக்கு விற்கப் புகுந்தால், இதோ இவள் என்று காட்டுவதற்கு ஓர் ஏடு நம்மிடம் இருக்கும். அவளுக்குக் கிடைத்த கல்வெட்டாக அவ்வேடு நிற்கும். அதற்கு வேளைக்காரராக நாம் நிற்கவேண்டும்.

கந்தளாய்க் குளத்தைத் தொட்டவர்களின் பெயர் இனிக் கிடைக்கப்போவதில்லை. அவர்களைப் பூதங்கள் என்று சொல்லிக் கடந்துவிட்டது பழைய காலம். பாட்டுக் கட்டியவர்களோ இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களை அவர்தம் பெயர் சொல்லி அழைப்போம்.